புரோஸ்டேட் புற்றுநோய்க்குப் பிறகு ஆண் என்ற தன்மதிப்பு: ஆண்களை நாடும் நம்மைப் போன்ற ஆண்களுக்கான இழை

வைகைக்கரை:

இந்தத் தளத்தைப் பல வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது இப்போதுதான். வயது 58, மதுரைப் பக்கம். என்னோடு வெகுகாலமாக வாழ்பவர் ஒருவர் இருக்கிறார். தெருவுக்கு அவர் என் சித்தப்பா மகன். போன வருடம் எனக்கு ரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட்டுக்கான பரிசோதனை) கூடி, பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்து, புரோஸ்டேட்டை ரோபோ ஆபரேஷனில் எடுத்துவிட்டார்கள். இப்போது பி.எஸ்.ஏ. 0.1-க்குக் கீழே. டாக்டருக்குத் திருப்தி, அண்ணன் வீட்டாருக்கும் திருப்தி. "பிழைச்சு வந்துட்டே, குலசாமி காப்பாத்திருச்சு" என்கிறார்கள். எனக்கும் அந்த நன்றி உண்டு.

ஆனால் உறுப்பில் எழுச்சி திரும்பவில்லை. இருமினால், குனிந்து செருப்பு மாட்டினால் சிறுநீர் கசிகிறது. கல்யாண வீடுகளுக்கு வேட்டி கட்டுவதை நிறுத்திவிட்டேன், கறுப்பு பேண்ட்தான். பேட் மாற்ற ஆண்கள் கழிப்பறைக்குப் போனால் அங்கே குப்பைத் தொட்டி இருப்பதில்லை. நாளிதழில் சுற்றி, பையில் வைத்து வீட்டுக்கே கொண்டுவருகிறேன்.

சின்ன வயதில் என் நடையைக் கேலி செய்வார்கள். என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எழுத வேண்டியதில்லை, உங்களில் பாதிப் பேருக்கு அதே பெயர்தான். காலேஜில் ஜிம்முக்குப் போனேன். நடையை மாற்றினேன், குரலை மாற்றினேன். நம் வட்டத்தில் என்னைப் பந்தி என்பார்கள், உறவில் ஆண்பிள்ளையாகச் செய்கிறவன் என்று அர்த்தம். அதில் எனக்குப் பெருமைதான். வெளியே யார் என்ன சொன்னாலும், நான் ஆண் என்பதில் படுக்கையில் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. இப்போது அங்கேதான் சந்தேகம்.

ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் கேட்க வாயெடுத்தேன். "பிள்ளைங்க செட்டில் ஆயிட்டாங்களா?" என்றார். கல்யாணம் ஆகவில்லை என்றேன். "அப்போ அந்தக் கவலையே இல்லை" என்று அடுத்த தாளைப் புரட்டிவிட்டார்.

வீட்டில் அவர் "பரவாயில்லை" என்கிறார். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு மொட்டைமாடிக்குப் போய்விடத் தோன்றுகிறது. இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நெறியாளர்:

வணக்கம் வைகைக்கரை, எழுதியதற்கு நன்றி. மற்றவர்கள் கவனிக்க: மருத்துவமனை, டாக்டர் பெயர் கேட்க வேண்டாம், சொல்லவும் வேண்டாம். உடலைப் பற்றித் தேவையான அளவு வெளிப்படையாகப் பேசலாம்.

ஸ்கார்பரோ வாசி:

அண்ணை, நான் யாழ்ப்பாணம், இப்ப ஸ்கார்பரோ. எனக்கும் புரோஸ்டேட் எடுத்தாச்சு, அதற்குப் பிறகு கதிர்வீச்சும் கொடுத்தார்கள். நீங்கள் எழுதியதில் பாதி என் கதை. மற்றப் பாதி வேறு மாதிரி.

நான் உங்களுக்கு மறுபக்கம். உறவில் நான் வாங்கிக்கொள்கிறவன். சத்திரசிகிச்சைக்கு முன்னம் எழுச்சி பற்றி எனக்கு ஒரு கையேடு தந்தார்கள். எல்லாப் பக்கத்திலும் மனைவி, மனைவி என்றே இருந்தது. என் மாதிரி ஆணுக்கு இன்பம் பிறக்கிற இடமே அந்தச் சுரப்பிதான் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. எடுத்த பிறகு அந்த உணர்வு மாறிப்போனது. பிறகு கதிர்வீச்சால் ஆசனவாய்ப் பக்கம் எரிச்சலும் இரத்தமும். எழுச்சிக்கு மாத்திரை எழுதித் தந்தார்கள். இதற்கு என்ன செய்வது என்று கேட்கிற இடம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று விந்து. எடுத்த பிறகு உச்சம் வரும், ஒரு சொட்டும் வராது. புரோஸ்டேட்டோடு விந்துப் பைகளையும் எடுத்துவிடுவார்கள், அதனால்தான். பிள்ளை பெற்று முடித்த ஆணுக்கு இது சின்ன விடயமாக இருக்கலாம். ஆண்களுக்கிடையில் அது கண்ணால் காண்கிற ஒன்று, இருவருக்கும் நடந்தது நடந்ததுதான் என்று காட்டுகிற சாட்சி. அது இல்லாமல் போனபோது, எழுச்சி போனதைவிட எனக்கு அதுதான் கூட வலித்தது. இதை ஆரிடமும் கதைக்க முடியவில்லை. பிறகு நியூயார்க்கைச் சேர்ந்த மேல்கேர் அமைப்பு தன்பாலீர்ப்பு ஆண்களுக்கென்றே புரோஸ்டேட் ஆதரவுக் குழு நடத்துவதைக் கண்டுபிடித்தேன். அங்கேதான் முதன்முதலாக வாய் திறந்தேன்.

பழைய வாசகன்:

நான் உங்களைப் போன்றவன் இல்லை, மனைவி குழந்தைகள் உள்ளவன். எனக்கும் இதே ஆபரேஷன் நடந்தது. மனம் நோகச் சொல்லவில்லை, ஆனால் இந்த வருத்தம் எல்லா ஆணுக்கும் பொதுதானே? கசிவு எனக்கும் உண்டு, எழுச்சி எனக்கும் இல்லை. தனியாக ஒரு இழை எதற்கு?

ஸ்கார்பரோ வாசி:

நல்ல கேள்வி, கோபமில்லை. மேற்கு சிட்னி பல்கலைக்கழகத்தின் ஜேன் அஷர் குழு 2016-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. புரோஸ்டேட் புற்றுநோய் வந்த தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு ஆண்கள் 124 பேரையும், பெண்களை நாடும் ஆண்கள் 225 பேரையும் ஒப்பிட்டார்கள். நம்மவர்களுக்கு மன உளைச்சல் கூட, சிகிச்சை பற்றிய திருப்தி குறைவு, விந்து வெளிவராதது பற்றிய கவலை கூட, ஆண் என்ற தன்மதிப்பு குறைவு. இவ்வளவும் எதிர்பார்க்கக் கூடியதுதான். ஆனால் பாலுறவுச் செயல்பாட்டிலும் பாலுறவு நம்பிக்கையிலும் நம்மவர்கள்தான் மற்றவர்களைவிட மேலே இருந்தார்கள்.

இதை வடிவாக யோசித்துப் பாருங்கள். உடம்பு கூட வேலை செய்கிறது, மதிப்பு மட்டும் கீழே போகிறது. அப்படியென்றால் அடி உறுப்பில் மட்டும் விழவில்லை. நான் விளங்கிக்கொண்டது இது: உங்களுக்கு எழுச்சி போனாலும் நீங்கள் அப்பா, புருஷன், மாமனார். கல்யாண வீட்டில் முன்வரிசைக் கதிரை உங்களுக்கு இருக்கிறது. நீங்கள் ஆண் என்பதற்கு ஊரே சாட்சி. எங்களுக்கு அந்தச் சாட்சி எந்த நாளும் கிடைத்ததில்லை. இன்னொரு ஆண் எங்களை விரும்பினான் என்பதுதான் எங்களிடம் இருந்த ஒரே அத்தாட்சி. அதை நோய் பறிக்கும்போது கைக்காவலாக வேறொன்றும் இல்லை.

பழைய வாசகன்:

இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. ஆபரேஷன் முடிந்த அன்று என் மனைவி கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தாள், யாரும் அவளிடம் நீ யார் என்று கேட்கவில்லை. தொடர்ந்து வாசிக்கிறேன்.

நிலாமுற்றம்:

நான் பிரிட்டனில் யூராலஜி வார்டில் நர்ஸ், திருநெல்வேலிக்காரன். தன்பாலீர்ப்பாளன். வார்டில் பார்த்த சில விஷயங்களைச் சொல்கிறேன், டாக்டருக்குப் பதிலாக என்னை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வைகைக்கரை அண்ணே, எழுச்சிக்கான நரம்புகள் புரோஸ்டேட்டின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு போகின்றன. 1982-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பேட்ரிக் வால்ஷ் அவற்றைக் காப்பாற்றிச் செய்யும் ஆபரேஷனைக் கொண்டுவந்தார். அதற்கு முன் கிட்டத்தட்ட எல்லோருமே எழுச்சியை இழந்தார்கள். காப்பாற்றினாலும் நரம்பு உடனே விழிக்காது. 18 மாதம், 2 வருடம்கூட ஆகும். போன வருடம்தான் ஆபரேஷன் என்றால் கதை முடியவில்லை. உங்களுக்கு இரண்டு பக்க நரம்பையும் விட்டார்களா, ஒரு பக்கம்தானா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும், பாருங்கள்.

நம்மவர்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆசனவாய் வழி உறவுக்குக் கூடுதல் விறைப்பு தேவை. "ஓரளவு வருது" என்று சொன்னால் டாக்டர் போதும் என்று எழுதிக்கொள்வார், ஏனென்றால் அவர் மனதில் இருப்பது வேறு உறவு. எனக்கு இது போதாது என்று நேராகச் சொல்லுங்கள். சில்டெனாஃபில், டடாலாஃபில் மாத்திரைகள் நரம்பு ஓரளவு இருந்தால்தான் வேலை செய்யும். உறுப்பில் போடும் ஊசிக்கு அந்த நரம்பு தேவையில்லை. வேக்குவம் பம்ப் இருக்கிறது, கடைசியாக இம்ப்ளான்ட் இருக்கிறது. இந்த மாத்திரைகளோடு பாப்பர்ஸ் (உறவின்போது சிலர் முகரும் திரவம்) கூடவே கூடாது. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட்டும் அதே இனம்தான். ரத்த அழுத்தம் சரேலென்று விழுந்து உயிரே போகலாம்.

ஸ்கார்பரோ வாசி அண்ணன் சொன்ன பக்கத்துக்கு: வாங்கிக்கொள்ளும் உறவை எப்போது திரும்பத் தொடங்கலாம் என்று இங்கே நிபுணர்கள் கூடி ஒரு வழிகாட்டுதல் தந்திருக்கிறார்கள். ஆசனவாய் வழியாக எடுத்த பயாப்ஸிக்குப் பிறகு 2 வாரம், ஆபரேஷனுக்குப் பிறகு 6 வாரம், வெளியிலிருந்து தரும் கதிர்வீச்சுக்குப் பிறகு 2 மாதம். கதிர்வீச்சு விதைகளை உள்ளே நிரந்தரமாக வைத்தால் 6 மாதம், ஏனென்றால் துணைவருக்கும் கதிர்வீச்சு படும். பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனைக்கு முன் ஒரு வாரம் விட வேண்டும், இல்லாவிட்டால் எண் கூடிக் காட்டலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனா கதிர்வீச்சா என்று முடிவெடுக்கும் கட்டத்திலேயே நம் உறவு எப்படிப்பட்டது என்பது தெரிந்தால் முடிவு மாறலாம். ஆபரேஷனில் எழுச்சி உடனே அடிபடும், கதிர்வீச்சில் அது வருடக்கணக்கில் மெல்லக் குறையும், ஆனால் ஆசனவாய் பாதிக்கப்படலாம். ஒருவருக்கு எது பெரிய இழப்பு என்பது அவர் யார் என்பதைப் பொறுத்தது. கேட்கிற டாக்டர்கள் குறைவு. அதனால் நாமே சொல்ல வேண்டியிருக்கிறது.

குப்பைத் தொட்டி விஷயம் இங்கேயும் உண்டு. ஆண்கள் கழிப்பறையில் தொட்டி வேண்டும் என்று பிராஸ்டேட் கேன்சர் யூ.கே. அமைப்பு பிரசாரமே செய்தது.

கடலோரம்:

சென்னை. வயது 66. எனக்குப் புற்றுநோய் எலும்புக்குப் போய்விட்டது, அதனால் ஹார்மோன் சிகிச்சை. ஊசி செலவு கட்டுப்படியாகாது, விதைக்கொட்டைகளை எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். நம் நாட்டில் இது நிறையப் பேருக்கு நடக்கிறது, ஒரே தடவையில் முடியும், செலவு குறைவு. சரி என்றேன். டெஸ்டோஸ்டிரோன் நின்றால் இந்தப் புற்றுநோய் அடங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இலேயே காட்டிவிட்டார், நோபல் பரிசும் வாங்கினார். மருத்துவமாக அது சரி. மற்றது எதையும் யாரும் சொல்லவில்லை.

இப்போது ராத்திரி திடீரென்று உடம்பு தீயாகக் கொதிக்கும், பனியன் நனையும், எழுந்து மாற்றுவேன். மார்பு வளர்ந்திருக்கிறது. இடுப்பு பெருத்து, கை கால் மெலிந்துவிட்டது. ஆசை என்ற ஒன்றே அணைந்துவிட்டது.

வைகைக்கரை தம்பி, நான் கோத்தி, பெண்மைச் சாயலோடு ஆண்களை நாடுகிறவன். புடவை கட்டி ஆடியவன், வெளியிலும் நெளிந்து நடந்தவன். ஆம்பளையா நீ என்று அப்பா கேட்டார், வாத்தியார் கேட்டார், போலீஸ்காரர் லத்தியோடு கேட்டார். அதனால் ஆண் என்ற பட்டத்தை நான் எப்போதோ தூக்கிப்போட்டுவிட்டேன் என்று நினைத்திருந்தேன். ஆபரேஷன் முடிந்து குளியலறையில் தடவிப் பார்த்தபோது அங்கே ஒன்றுமில்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன். எனக்கே அது எதிர்பாராதது. எனக்கென்று ஒரு ஆண்மை இருந்திருக்கிறது, யாரும் கொடுக்காதது, யாருக்கும் காட்டாதது.

உங்களோடு ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. பந்தியாக இருப்பதுதான் ஆண் என்று நீங்கள் எழுதியிருப்பதை வாசித்தபோது மனது சுருக்கென்றது. அப்படியானால் உங்கள் வீட்டில் இருப்பவர் யார்? உங்கள் யூரின் பையைக் காலி செய்தவர், பேட் வாங்கி வந்தவர், அவர் ஆண் இல்லையா? பள்ளிக்கூடத்தில் உங்களை அடித்த அதே கோலை வைத்து உங்களையும் அவரையும் அளக்கிறீர்கள், தம்பி. கோபத்தில் எழுதவில்லை. எனக்குச் சோறு கொண்டுவந்து ஊட்டியவர்கள் எல்லாம் கோத்திகள்தான், அவர்களை நினைத்து எழுதுகிறேன்.

வைகைக்கரை:

ஐயா, உங்கள் பதிவைப் பலமுறை வாசித்தேன். பதில் எழுத எனக்கு நேரம் வேண்டும். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்கால மயில்:

எனக்கு 47. சின்னக் கேள்வி: எங்கள் பெரியப்பாவுக்கு இது வந்தது. நான் இப்போதே பி.எஸ்.ஏ. பார்க்க வேண்டுமா? டாக்டரிடம் நான் யாரென்று சொல்லப் பயமாக இருக்கிறது.

நிலாமுற்றம்:

தம்பி, அப்பா அல்லது கூடப்பிறந்தவருக்கு வந்திருந்தால் ஆபத்து கூடும், பெரியப்பாவுக்கு என்பது அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் 50-ஐ நெருங்கும்போது டாக்டரிடம் பேசி முடிவு செய்வது நல்லது. ரத்தம் கொடுக்க நீங்கள் யாரென்று சொல்லத் தேவையில்லை, முன்னே சொன்ன ஒரு வார இடைவெளியைக் கடைப்பிடித்தால் போதும். சிகிச்சை என்று வந்தால் மட்டும் சொல்லுங்கள். சென்னையில் ஓரினம், சகோதரன் மாதிரி நம்மவர்களின் அமைப்புகளிடம் கேட்டால் எந்த டாக்டரிடம் தயங்காமல் பேசலாம் என்று சொல்வார்கள்.

கடலோரம்:

கையெழுத்து பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில்தான் கூசிப்போகிறார்கள். ஆபரேஷனுக்கு முன் "ரத்த சொந்தம் யாரு, கையெழுத்து போடச் சொல்லுங்க" என்பார்கள். நினைவோடு இருக்கிற, வயது வந்த நோயாளியின் ஒப்புதல்தான் ஒப்புதல் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோஹ்லி வழக்கில் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் அம்மா கொடுத்த ஒப்புதலே செல்லவில்லை. 2018-இல் நம் உறவைக் குற்றம் என்ற 377-ஆம் பிரிவு போனது, 2023-இல் கல்யாண உரிமை கிடைக்கவில்லை, எல்லாம் தெரிந்ததுதான். ஆனால் என் உடம்புக்கு நான் கையெழுத்துப் போட எவருடைய அனுமதியும் வேண்டாம். கூட இருப்பவரை அட்டெண்டர் என்று எழுதி உட்கார வையுங்கள். அவர் அறைக்குள் இருக்கும்போதே டாக்டரிடம் பேசுங்கள்.

வைகைக்கரை:

இதை எழுதுவது அவர் இல்லை. நான் அவருடைய சித்தப்பா மகன்.

போனைத் திறந்து என்னிடம் கொடுத்து, எல்லாவற்றையும் படி என்றார். படித்தேன். கடலோரம் அண்ணே, உங்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

நான் "பரவாயில்லை" என்று சொன்னது எனக்கு வேறு வார்த்தை கிடைக்காததால்தான். அவர் திரும்பிப் படுத்துக்கொள்வார். என் கை பட்டால் விலகுவார். என்மேல் ஆசை போய்விட்டது, அதை நோயின் மேல் போடுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோ, எனக்குத் தர ஒன்றுமில்லை என்று விலகியிருக்கிறார். ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு ஆளுக்கொரு பயம்.

அவர் ஜிம் உடம்பைப் பார்த்து நான் அவரோடு வரவில்லை. டவுன் ஹால் ரோட்டில் ஒரு டீக்கடையில் ஒருத்தன் என் நடையைக் கேலி செய்தபோது, இவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். ஒன்றும் பேசவில்லை, நின்றார், அவ்வளவுதான். அவன் போய்விட்டான். அன்றைக்கு முடிவு செய்தேன். இதை இதுவரை அவரிடம் சொன்னதில்லை என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

நேற்று ராத்திரி நான் விலகவில்லை, அவரும் விலகவில்லை. அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன். கசிவு இருந்தது. துண்டு போட்டுக்கொண்டோம்.

ஸ்கார்பரோ வாசி:

தம்பி, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

உச்சத்தில் கசிவது சத்திரசிகிச்சைக்குப் பிறகு பலருக்கும் நடக்கிறது. முன்னமே சிறுநீர் கழித்துவிட்டுப் படுப்பது, ஆணுறை போடுவது, உறுப்பின் அடியில் வளையம் மாட்டுவது எல்லாம் உதவும். இடுப்புத் தசைப் பயிற்சியை விடாமல் செய்யச் சொல்லுங்கள். அதற்கென்று பழக்கிவிட பிசியோதெரபிஸ்ட்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில்தான் பேட் எண்ணிக்கை குறைந்தது.

அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் சைமன் ராஸர் குழு, புரோஸ்டேட் சிகிச்சை முடிந்த நம்மவர்களுக்கென்றே ரீஸ்டோர் என்ற பெயரில் ஆய்வும் இணையவழி மீட்புப் பயிற்சியும் நடத்தியது. நம் தேவை தனி என்று ஒரு பல்கலைக்கழகம் பணமும் நேரமும் செலவழிக்கிறது. தமிழில் அப்படி ஒரு கையேடு இல்லை. இந்த இழையில் உள்ளதை ஒழுங்குபடுத்தி நெறியாளர் ஒரு தனிப் பக்கமாகப் போட முடியுமா? நிலாமுற்றம் சரிபார்த்தால் நான் தட்டச்சுச் செய்து தருகிறேன்.

நெறியாளர்:

செய்யலாம். பெயர்கள், ஊர்கள் நீக்கிப் போடுவோம். யாருக்காவது மறுப்பு இருந்தால் தனிமடலில் சொல்லுங்கள்.

வைகைக்கரை:

இது நான்தான். கடலோரம் ஐயா, நீங்கள் கேட்டதற்குப் பதில்: அவர் ஆண்தான். என்னைவிடத் தைரியமான ஆண். அந்தக் கோலை ஒரே நாளில் கீழே போட முடியும் என்று தோன்றவில்லை, 50 வருடம் கையில் இருந்தது. ஆனால் அது கையில் இருக்கிறது என்பது இப்போது தெரிகிறது.

டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்தேன். ஒரு பக்க நரம்பைத்தான் விட்டிருக்கிறார்கள். வேறு ஒரு யூராலஜி டாக்டரிடம் வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறோம். இருவருமாகப் போகிறோம், சித்தப்பா மகன் என்று சொல்லப் போவதில்லை. ஊசி பற்றிக் கேட்கலாம் என்றிருக்கிறேன். நிலாமுற்றம் தம்பி, அதை வீட்டில் நாமே போட்டுக்கொள்ள முடியுமா, ஆபத்து உண்டா?

நிலாமுற்றம்:

முடியும் அண்ணே. முதல் ஊசியைக் கிளினிக்கில்தான் போட வேண்டும், அளவு ஆளுக்கு ஆள் மாறும், அதை டாக்டர் அங்கேயே பார்த்து முடிவு செய்வார். நடுக்கோட்டிலும் அடிப்பக்கத்திலும் போடாமல் பக்கவாட்டில் போடக் கற்றுக்கொடுப்பார்கள். வீட்டில் அவர் போட்டுவிடுவதாக இருந்தால் அவரையும் சேர்த்துப் பழக்கச் சொல்லுங்கள். ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் அடங்காவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள், எந்த நேரமானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். வியாழக்கிழமை டாக்டர் என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள்.